கேளாத கேள்வியும் கிளம்பிய பயணமும்

சென்னைக் கடற்கரையில், கையில் ஒற்றைச் சிலம்பேந்தி நிற்கிறாள் கண்ணகி. 1968-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, அண்ணா முதலமைச்சராக வீற்றிருந்த நாளில் எழுப்பப்பட்ட சிலை அது. 2001 டிசம்பரில் அது அகற்றப்பட்டபோது தமிழுள்ளங்கள் கொதித்தன. 2006 சூன் திங்களில் மீண்டும் அதே கடற்கரையில் நிறுத்தப்பட்டபோது மகிழ்ந்தன. கொதித்தவர்களுள் நாமும் உண்டு. மகிழ்ந்தவர்களுள்ளும் நாம் உண்டு. அந்த உரிமையோடுதான் இன்று ஒரு கேள்வியை எழுப்புகிறோம்.

மதுரை மாநகரில், கொலுவிருந்த மன்னனை நோக்கி, நீ ஆராய்ந்தாயா என்று கேட்டவள் கண்ணகி. அந்த நாவன்மை, அந்த நெஞ்சுரம், அந்த நீதி வேட்கை புகார் நகரத்து வீட்டில் எங்கே போயிருந்தது? ஊரை விட்டு, உற்றாரை விட்டு, சோழநாட்டையே விட்டுப் பாண்டியநாடு போகலாம் புறப்படு என்று கணவன் சொன்னானே, அந்த இரவில் அவள் ஏன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை?

கண்ணகியைப் பழிப்பதா என்று சீறவேண்டா, தோழர்களே! சிலம்பைப் பெரியாரே கடுமையாகச் சாடியிருக்கிறார். சிலம்பைத் தலைமேல் வைத்துப் போற்றியவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். இரண்டு வழியும் நமக்குத் தெரிந்ததே. நாம் கேட்பது மூன்றாவது ஒன்று. போற்றியவர்கள் மதுரைக் காட்சியைப் போற்றினார்கள். சாடியவர்கள் கற்பையும் ஊழையும் சாடினார்கள். இரு சாராரும் விரைந்து கடந்துவிட்ட ஓர் இரவு இருக்கிறது. அந்த இரவைத்தான் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். ஏனெனில் அந்த இரவு இன்னும் விடியவில்லை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும், வேலை மாற்ற உத்தரவு வந்து சேரும் ஒவ்வொரு வீட்டிலும், அதே இரவு மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கிறது.

அந்த இரவில் நடந்தது என்ன?

கதை யாவரும் அறிந்தது. பன்னிரண்டு வயதில் மணம் முடிக்கப்பட்டவள் கண்ணகி, கோவலனுக்குப் பதினாறு. அந்த மணத்திலும் அவளை எவரும் கேட்கவில்லை. யானைமேல் மகளிரை ஏற்றி ஊருக்கு அறிவித்தார்கள், அவ்வளவுதான். பிறகு மாதவி, பிறகு பிரிவு, பிறகு செல்வமெல்லாம் கரைந்த வெறுங்கை. கானல்வரிப் பாட்டில் ஊடல் முற்றி, கோவலன் வீடு திரும்புகிறான்.

அவன் வருவதற்கு முன் நிகழ்வதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். கனவில் ஓர் அயலூர் வருகிறது. அங்கே பழி வருகிறது. தேவந்தி பரிகாரம் சொல்கிறாள்: குளங்களில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு கூடி வாழலாம் என்று. கண்ணகி என்ன சொன்னாள்? அது நமக்குப் பெருமையாகாது என்று மறுத்துவிட்டாள்.

பகுத்தறிவு இளைஞர்கள் எண்ணிப் பார்க்கட்டும். குளம் முழுகினால் கணவன் வருவான் என்ற மூடநம்பிக்கையை, ஏறத்தாழ ஒன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த காப்பியத்தில், ஒரு பெண் ஒரே சொல்லால் ஒதுக்குகிறாள். அவளுக்கு அறிவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. எண்ணத் தெரிந்தவள், மறுக்கத் தெரிந்தவள், தன்மானம் தெரிந்தவள்.

அதே கண்ணகி, அடுத்த காட்சியில் என்ன ஆகிறாள்? கணவன் உள்ளே வருகிறான். முன்னோர் ஈட்டிய மலைபோன்ற செல்வத்தைத் தொலைத்தேன், நாணமாக இருக்கிறது என்கிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமல் வருந்துகிறான் போலும் என்று எண்ணி, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் அவள். இந்தச் சிலம்பையே முதலாக வைத்து மதுரையில் வாணிகம் செய்து இழந்ததை மீட்பேன், புறப்படு என்கிறான் அவன். புறப்பட்டுவிட்டாள்!

மதுரையில் யாரைத் தெரியும் என்று கேட்கவில்லை. உம் தந்தையும் என் தந்தையும் இதே ஊரில் பெருவணிகராய் இருக்கும்போது, அவர்கள் உதவியோடு இங்கேயே தொழில் தொடங்கினால் என்ன என்று கேட்கவில்லை. பெற்றோரிடம் சொல்ல வேண்டாவா என்று கேட்கவில்லை. முதலாக வைக்கப்போவது தன் காற்சிலம்பு. அதாவது அந்த முயற்சியின் மூலதனமே அவளுடையது. மூலதனம் போட்டவளுக்கு ஒரு வாக்குக்கூட இல்லை! அன்று வைகறையிலேயே, ஊர் விழிக்குமுன், இருவரும் வாயிலைக் கடந்துவிட்டார்கள்.

வழியில் பிறந்த கேள்வி

கேள்வியே கேட்கவில்லை என்றோமே, அது முழுதும் உண்மையன்று. ஒரு கேள்வி கேட்டாள். எப்போது? புறப்பட்ட பிறகு! புகாரின் எல்லையைக் கடந்து, சிறிது தொலைவு நடந்து, மென்பாதம் நொந்து, இடை தளர்ந்த பின்னர், மதுரை என்னும் அந்தப் பழைய ஊர் எது என்று கேட்டாள். எங்கே போகிறோம், எவ்வளவு தொலைவு என்பதே அவளுக்குத் தெரியாது!

அதற்குக் கோவலன் தந்த விடை இன்னும் கொடியது. தொலைவோ முப்பது காதம். அவன் அந்த எண்ணை ஆறு என்றும் ஐந்து என்றும் இரண்டு சொல்லாக்கிச் சொல்கிறான். பெருக்கிக் கேட்பவருக்கு முப்பது; பெருக்கத் தெரியாமல் கேட்பவருக்கு ஏதோ ஐந்தாறு. போதாக்குறைக்கு, அருகில்தான் என்று கூறிச் சிரிக்கிறான். அன்புடைய சிரிப்புத்தான், ஐயமில்லை. ஆனால் உண்மையை மறைக்கும் சிரிப்பு. வேற்று மாநிலத்துக்குப் போகும் வேலையைப் பற்றி, இரண்டே ஆண்டு, இதோ முடிந்துவிடும் என்று இன்று சொல்லப்படும் பொய்க்கு மூத்த பொய் அது.

இளங்கோ இதை அறியாமல் எழுதினாரா? இல்லை. இதுதான் நாம் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி. காப்பியத்தின் பதினாறாம் காதையில், மதுரைப் புறத்தே ஆயர் சேரியில், கண்ணகி தன் கையால் ஆக்கிப் படைத்த உணவை உண்டபின், கோவலன் முதன்முறையாகத் தன்னைத் தானே விசாரிக்கிறான். கொடிய வழியில் உன்னை நடத்திவிட்டேனே. நம் பெற்றோர் என்ன துயருற்றாரோ. நான் புறப்படு என்ற சொல்லுக்கு நீயும் புறப்பட்டுவிட்டாயே, இது என்ன செயல் என்று இரங்குகிறான். அதாவது, ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று கணவனே கேட்கிறான்!

அதற்குக் கண்ணகி தரும் விடையைப் படியுங்கள். நீர் பிரிந்திருந்த நாளில் அறவோரையும் விருந்தினரையும் பேணும் கடமையை நான் இழந்தேன். என் துயரை மறைக்க நான் சிரித்த பொய்ச்சிரிப்பைக் கண்டு உம் பெற்றோர் மனம் நொந்தனர். நீர் செய்தது சான்றோர் ஏற்காத ஒழுக்கம். ஆயினும் மாற்றமில்லா வாழ்க்கையை மேற்கொண்டவளாதலால் நான் உடன் எழுந்தேன் என்கிறாள். எல்லாக் குற்றச்சாட்டும் அந்த நெஞ்சில் இருந்திருக்கின்றன. எல்லாக் கணக்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. சொல்ல இடமில்லாமல் இருந்தது; அவ்வளவே. அவன் கேட்டான், அவள் சொன்னாள். அதே கேள்வியைப் புகாரில், அந்த இரவில், அவன் கேட்டிருந்தால்? கேட்டபோதோ காலம் கடந்துவிட்டது. அடுத்த சில நாழிகைகளில் அவன் பிணம்.

ஆகவே நாம் முடிவாகச் சொல்கிறோம்: சிலப்பதிகாரத்தில் ஆராயாமல் தீர்ப்பளித்தவர் இருவர். ஒருவன் பாண்டியன், பொற்கொல்லன் சொன்னான், விசாரியாமல் ஆணையிட்டான். மற்றவன் கோவலன், தன் நாணம் சொன்னது, உசாவாமல் ஆணையிட்டான். முதல்வனை எதிர்த்து ஊரையே எரித்தாள் கண்ணகி. இரண்டாமவன் முன் வாய் திறக்கவில்லை. அரசனுக்கு ஒரு நீதி, கணவனுக்கு ஒரு நீதியா? நாடு என்றால் ஆராய்ச்சி மணி வேண்டும், வீடு என்றால் வேண்டாவா?

ஊழ்வினையா, உசாவாமையா?

இந்த இடத்தில் ஊழ்வினை வந்து நம்மை மறிக்கிறது. மதுரை எரிந்தபின் அந்நகர்த் தெய்வம் தோன்றி, முற்பிறவியில் கோவலன் பரதன் என்னும் பெயரினனாய்ச் சங்கமன் என்னும் வணிகனைக் காட்டிக்கொடுத்தான், அவன் மனைவி நீலியின் சாபம் இப்போது பலித்தது என்று சொல்கிறது. எவ்வளவு வசதியான விடை! கொன்றவனும் குற்றவாளியல்லன், கூட்டிவந்தவனும் குற்றவாளியல்லன், எவரும் பிறக்குமுன்னே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது!

பகுத்தறிவாளர் படிக்கும் முறை வேறு. காரணங்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம். அறிமுகமில்லாத நகருக்குப் போனது ஒன்று. வணிகக் குடியிற் பிறந்தும், அந்நகர் வணிகர் எவரிடமும் முன்னதாகச் சொல்லி வைக்காதது இரண்டு. வைத்திருந்த ஒரே பொருளைத் தனியாளாய்த் தெருவில் எடுத்துச் சென்று, முதலில் கண்ட பொற்கொல்லனிடமே காட்டியது மூன்று. பெற்றோருக்குத் தெரிவியாமல் இரவோடு இரவாக வந்ததால், உதவிக்கு ஓடிவர ஆளில்லாமற் போனது நான்கு. இவற்றுள் எது முற்பிறவிக் கணக்கு? நான்கும் இந்தப் பிறவியின் அவசரக் கணக்கு! இருவர் ஓர் இரவு உட்கார்ந்து பேசியிருந்தால் நான்கில் மூன்றேனும் நீங்கியிருக்கும். உசாவாமைக்கு ஊழ்வினை என்று பெயர் சூட்டியது காப்பிய மரபு. அந்தப் பெயரைக் களைந்து பார்ப்பது நம் கடமை.

பழம்பாட்டின் சாட்சி

சங்கத்தமிழில் காதலர் சமமாக இருந்தனர், பிற்காலத்தில்தான் கெட்டது என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு பகுதி உண்மை. உடன்போக்கு என்னும் துறையில் தலைவியும் தலைவனும் ஒத்த மனத்தோடு ஊரைவிட்டுப் போகிறார்கள். அங்கே அவள் விருப்பம் இல்லாமல் பயணமே இல்லை. ஆனால் மணத்திற்குப் பின்? செலவழுங்குதல் என்றொரு துறை உண்டு. பொருள் தேடப் புறப்படும் தலைவன், தலைவியின் வாட்டம் கண்டு பயணத்தை நிறுத்துவது. ஆகா, மனைவியின் கருத்துக்கு மதிப்பளித்த பண்பாடு என்று மகிழப் போகிறோம். உடனே தொல்காப்பியம் விளக்கம் தருகிறது: இடையில் நிறுத்துவது போகாமலே விடுவதற்கன்று, அவளைத் தேற்றி இசைவிக்கத் தள்ளிவைப்பதே என்று! முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது, நடப்பதெல்லாம் சமாதானம்.

பட்டினப்பாலையை எடுங்கள். புகார் நகரமே கிடைத்தாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்கிறான் தலைவன். உயர்ந்த அன்பு, மறுப்பாரில்லை. ஆனால் யாரிடம் சொல்கிறான்? தன் நெஞ்சிடம்! அவளிடமன்று. போகலாமா வேண்டாமா என்ற அந்த நெடிய வழக்கில் வாதி அவன், பிரதிவாதி அவன், நீதிபதியும் அவனே. அவள் பெயர் வழக்கில் இருக்கிறது, குரல் இல்லை.

கடற்பயணத்தைப் பெண்ணோடு மேற்கொள்ளும் வழக்கமில்லை என்றும் தொல்காப்பியம் விதித்திருக்கிறது. இந்த விதியை நினைவில் வையுங்கள். சற்றுப் பின்னர் அடையாற்றில் இதற்கு விடை காண்போம்.

எதிர்க்குரல் ஒன்று திருக்குறளில் கேட்கிறது. பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதற்குறளில், போகாமல் இருப்பதானால் என்னிடம் சொல், போய் விரைந்து வருவேன் என்பதானால் அப்போது உயிரோடிருப்பவரிடம் சொல்லிக்கொள் என்னும் பொருள்பட ஒரு பெண் பேசுகிறாள். அவள் நெஞ்சோடு பேசவில்லை. நேருக்கு நேர் பேசுகிறாள். வள்ளுவர் அந்தப் பெண்ணுக்கு முதலிடம் தந்தார்.

மயிலைக் கிணறு

ஆனால் வள்ளுவருக்கு நம்மவர் என்ன தந்தார்கள்? வாசுகி கதையைத் தந்தார்கள்! வள்ளுவர் பிறந்த ஊர் என்று செவிவழிச் செய்தி சொல்லும் மயிலாப்பூரில் அவருக்குக் கோயிலும் உண்டு. கதையும் உண்டு: வாசுகி கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தாளாம், கணவர் அழைத்தாராம், கயிற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடினாளாம், குடம் கிணற்றில் விழாமல் நடுவிலே நின்றதாம்!

குறளில் வாசுகி என்ற பெயர் உண்டா? ஓரிடத்திலும் இல்லை. 1330 குறட்பாக்களையும் புரட்டிப் பாருங்கள். நேருக்கு நேர் பேசும் பெண்ணைப் படைத்தவர் தலையில், அழைத்ததும் ஓடும் பெண்ணைக் கட்டி வைத்தது பிற்கால மூளை. இந்தக் கதைக்கும் புகார் இரவுக்கும் வேறுபாடு என்ன? அங்கே புறப்படு என்றான், புறப்பட்டாள். இங்கே வா என்றார், ஓடினாள். இடையில் ஒரு நொடி எண்ணிப் பார்ப்பது கற்புக்குக் குறைவு என்று இரண்டு கதையும் கற்பிக்கின்றன. நடுவிலே நின்ற குடத்தைப் புகழ்ந்தோமே, நடுவிலே விடப்பட்ட அவள் வேலையைப் பற்றி எவரேனும் கேட்டோமா?

நடுவில் விடப்படும் வேலை! அதுதான் இன்றைய வாழ்வின் சிக்கல். தியாகராய நகரில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கணவர் வங்கி அலுவலர். மனைவி பள்ளி ஆசிரியை. பதவி உயர்வு வருகிறது, புனேவுக்கு. வீடே இனிப்பு வழங்குகிறது. ஆசிரியை வேலையை விட்டுவிட்டு மூட்டை கட்டத் தொடங்குகிறார், கேள்வியே எழுவதில்லை. அடையாற்றில் இன்னொரு வீடு. இங்கே மனைவி கணிப்பொறிப் பொறியாளர். உயர்ந்த பதவி வருகிறது, ஐதராபாத்துக்கு. இனிப்பு இல்லை, மாநாடு கூடுகிறது! மாமியார் என்ன சொல்வார், குழந்தை என்ன ஆகும், அவருக்குச் சாப்பாடு எப்படி என்று ஆயிரம் கேள்வி. அவன் வேலை குடும்பத்தின் வேலை. அவள் வேலை அவளுடைய வேலை. இந்த ஒரே அளவுகோலில் இரண்டு அளவு இருப்பதை எத்தனை முற்போக்கு இல்லங்கள் கண்டுகொண்டன?

2020-21-ஆம் ஆண்டு ஒன்றிய அரசின் தொழிலாளர் ஆய்வு சொல்கிறது: இந்தியாவில் இடம்பெயர்ந்த பெண்களில் நூற்றுக்கு 86 பேருக்கு மேல் திருமணத்தின் காரணமாக இடம்பெயர்ந்தவர்கள். படிப்புக்காகவும் வேலைக்காகவும் பெயர்ந்தவர் மிகச் சிலர். அதாவது இந்நாட்டில் ஒரு பெண் ஊர் மாறுகிறாள் என்றால், பெரும்பாலும் யாரோ ஒருவன் இருக்கும் இடம் நோக்கியே மாறுகிறாள். புகார் இரவு பழங்கதையா, தோழர்களே?

அடையாறு தந்த விடை

இனி மறுபக்கம். பேசி முடிவெடுத்தவர் நம் மண்ணில் இல்லாமலில்லை. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி, 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். மணத்திற்கு இசையுமுன் அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: தன்னை எப்போதும் சமமாக மதிக்கவேண்டும், தன் விருப்பத்திற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று. கணவர் ஏற்றார். கேள்வியைப் பயணத்தின் நடுவில் அல்ல, தொடக்கத்திற்கும் முன்பே கேட்டுவிட்ட பெண்!

1925-இல் அவருக்கு அரசின் உதவித்தொகையோடு இலண்டனில் மேற்பயிற்சி பெறும் வாய்ப்பு வந்தது. குழந்தைகள் உண்டு, குடும்பம் உண்டு, கணவருக்கும் மருத்துவத் தொழில் உண்டு. என்ன நடந்தது? கணவரும் குழந்தைகளும் அவரோடு சென்றார்கள். கடற்பயணம் பெண்ணோடு இல்லை என்ற பழைய விதி அன்று தலைகீழாயிற்று: பெண்ணின் கடற்பயணத்தில் ஆண் உடன்போனான்! உடன்போக்கு என்னும் சொல்லுக்கு அன்றுதான் புதுப்பொருள் பிறந்தது எனலாம். அந்நாளில் சென்னை மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி; முதலமைச்சர் பனகல் அரசர். பெண்களுக்கு வாக்குரிமை வழங்க 1921-இலேயே வழிசெய்தது அக்கால மாகாணச் சட்டமன்றம். தியாகராய நகரின் நடுவில் பனகல் பூங்காவைக் கடந்து புடவைக்கடைக்கு விரைகிற நாம், அந்தப் பெயரின் பின்னே இருக்கும் இந்த வரலாற்றை ஒரு கணம் நினைத்தால் என்ன?

முத்துலட்சுமி அம்மையார் நம் இயக்கத்தவர் அல்லர்; காந்தியாரிடம் பற்றுக் கொண்டவர். ஆயினும் உண்மை எங்கிருந்தாலும் எடுத்துச் சொல்வது பகுத்தறிவு. நாடு திரும்பியவர் 1927-இல் சட்டமன்றத் துணைத்தலைவரானார். தேவதாசி முறை ஒழிப்புக்கு உழைத்தார். ஔவை இல்லம் கண்டார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழ வழிவகுத்தார். அன்று அந்தக் குடும்பம், தாய்க்கு எதற்கு இலண்டன் என்று தடுத்திருந்தால் இழப்பு யாருக்கு? அவருக்கு மட்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

மணவாழ்வின் வீட்டைத் தேர்ந்தெடுப்பது கணவனின் உரிமை என்று சட்டம் படித்தவர்களும் நெடுங்காலம் நம்பினார்கள். 1978-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. மனைவி திருமணத்திற்கு முன்பே பஞ்சாபில் ஆசிரியப்பணியில் இருந்தவர். கணவர் டெல்லியில் வேலை செய்தவர். வேலையை விட்டு என்னிடம் வா என்று கணவர் வழக்காடினார். நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கணவன் இருக்குமிடத்திற்கு மனைவி வந்தே தீரவேண்டும் என்று சட்டத்தில் இல்லை, எங்கே வாழ்வது என்பதை இருவரும் கூடி முடிவு செய்யவேண்டும், ஒத்துவராவிட்டால், இருவரில் எவர்க்கும் முடிவு வாக்கு கிடையாது, கணவனுக்கு மட்டும் அதைக் கொடுப்பது அரசியல் சட்டத்தின் சமத்துவத்திற்கு முரண். எத்துணை எளிய சொல்! புகாரில் அந்த இரவு எவரும் சொல்லாத சொல்.

ஆயினும் வேலை முடிந்துவிடவில்லை. இந்து திருமணச் சட்டம் 1955-இன் 9-ஆம் பிரிவு, விலகியிருக்கும் துணையைச் சேர்ந்து வாழ ஆணையிடும் அதிகாரத்தை நீதிமன்றத்திற்குத் தருகிறது. 1983-இல் ஆந்திர உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1984-இல் உச்சநீதிமன்றம் செல்லும் என்று நிலைநிறுத்தியது. மற்றொரு புறம், கணவன் மனைவி இருவரும் அரசுப்பணியில் இருந்தால் இயன்றவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று ஒன்றிய அரசு 1986-இல் நெறி வகுத்து, 2009-இல் மேலும் வலியுறுத்தியது. தனியார் நிறுவன ஊழியர்க்கு அந்த அளவு காப்பும் இல்லை.

இருவரும் கேட்கவேண்டியவை

போகவே கூடாது என்பது நம் வாதமன்று. திரைகடல் கடந்தும் மலையகம் ஏறியும் உழைத்த இனம் நாம். போவதா இருப்பதா என்பதை இருவரும் எண்ணி எடுக்கவேண்டும் என்பதே வாதம். எண்ணவேண்டியவை பல. வாடகை என்ன, சம்பளம் என்ன என்பதோடு நின்றுவிடாதீர்கள்.

மாநிலம் மாறினால் மாறுவது தட்பவெப்பம் மட்டுமன்று, உரிமையும் மாறுகிறது. தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஒதுக்கீடு தமிழ்நாட்டின் சட்டம். 1994-இல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டுக் காக்கப்படுவது. ஒரு மாநிலத்தில் பட்டியலினத்தவராக அறிவிக்கப்பட்டவர் வேறு மாநிலம் குடிபெயர்ந்தால், அந்த மாநிலத்தின் கல்வியிலும் பணியிலும் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்சநீதிமன்ற அரசியல் சட்ட அமர்வு 1990-இல் தீர்ப்பளித்தது. 2018-இல் மற்றோர் அமர்வும் அதை உறுதி செய்தது. நம் பிள்ளை எந்த மாநிலத்தில் பள்ளி முடிக்கிறது என்பது அதன் கல்லூரி வாயிலையே மாற்றக்கூடும். இதை அறியாமல் மூட்டை கட்டுவோர் எத்தனை பேர்! பிள்ளை பள்ளியில் எந்த மொழி படிக்கும், வீட்டில் தமிழ் எழுத்து யார் சொல்லித்தருவார், முதியோரை யார் பார்ப்பார், துணையின் தொழில் அங்கே தொடருமா, தொடராவிட்டால் எத்தனை ஆண்டு இடைவெளி, அந்த இழப்பை ஈடுசெய்ய அடுத்த முறை யார் விட்டுக்கொடுப்பார்? இவையெல்லாம் வீட்டு விவகாரம் அல்ல. சமூக நீதியின் கேள்விகள்.

இக்கேள்விகளைக் கேட்கும் பெண்ணை அடங்காதவள் என்று ஊர் சொல்லும். கேட்கும் ஆணை, பெண்டாட்டி பேச்சைக் கேட்பவன் என்று ஏளனம் செய்யும். செய்யட்டும்! நம் மேடைகளிலே பெண்ணுரிமை முழங்கிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பணிமாற்ற உத்தரவை மேசைமேல் வைத்து, அடுத்த வாரம் கிளம்புகிறோம் என்று அறிவிக்கும் தோழர் எவராயினும், அவர் கோவலனைத் திட்டும் தகுதியை இழந்தவர். இதை எழுதும் நாமும் அந்தக் குற்றத்திலிருந்து முழுதும் விலகியவர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டோம், தாலி மறுத்தோம், புரோகிதரை மறுத்தோம். ஆனால் எந்த ஊரில் வாழ்வது என்பதை எத்தனை முறை கேட்டு முடிவெடுத்தோம்? 1929-இல் செங்கற்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்றது. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் மகளுக்குச் சம உரிமை தந்தது. அறுபது ஆண்டு ஆயிற்று, வீட்டில் பங்கு பெற. வீடு எங்கே இருப்பது என்ற முடிவில் பங்கு பெற இன்னும் எத்தனை ஆண்டு?

கடற்கரைச் சிலையைப் பார்க்கச் செல்லும் இளைஞர்களே! அவள் கையிலிருக்கும் சிலம்பை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். அந்தச் சிலம்பின் இணை விற்கப்படுமுன், மதுரைக்கு நடக்குமுன், புகாரின் ஓர் அறையில் ஒரு பெண் வாய்மூடி நின்றாள் என்பதையும் நினையுங்கள். அந்த நிமிடத்தில் அவள் பேசியிருந்தால் காப்பியம் இருந்திருக்காது என்று புலவர் வருந்தலாம். ஒரு காப்பியம் குறைந்தால் தமிழ் ஏழையாகிவிடாது. ஓர் உயிர், ஒரு நகரம், ஒரு வாழ்க்கை மிஞ்சியிருக்கும்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் அந்த உத்தரவு வரும்போது, புறப்படு என்று சொல்லாதீர்கள். போகலாமா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை வரும்வரை காத்திருங்கள்.